மூட்டுவலி டானிக்கும் வீட்டுச் சண்டையும்

புது டானிக்கால் மூட்டுவலி துளியும் குறையவில்லை. பாதி நோயாளிகளுக்கு டானிக், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, வலி, நடை, தூக்கம், பசி என்று இருபது கேள்விகள் கேட்டிருந்தார்கள். பத்தொன்பது கையை விரித்துவிட்டன. ஒன்றே ஒன்றுதான் தேறியது: டானிக் குடித்தவர்கள் வீட்டில் சண்டை குறைந்திருந்தது.

புள்ளிவிவரம் பார்ப்பவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருத்துவமனையில் அவளைப் 'புள்ளியம்மா' என்பார்கள். பெரிய டாக்டருக்கோ தலைகால் புரியவில்லை. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாம் என்றார்.

"சார், இருபது கேள்வி கேட்டா ஒண்ணு சும்மாவே தேறிடும். இத்தனை கேட்டதுக்குப் பாஸ் மார்க்கை ஏத்தணும்."

ஏற்றினாள். சண்டையும் ஃபெயில்.

டாக்டரின் முகம் சுண்டிப்போனது. இன்னும் இருபது கேள்வி சேர்த்தால் ஏதாவது மாட்டாதா என்றார். சேர்த்தார்கள். பாஸ் மார்க் இன்னும் ஏறியது, ஒன்றும் மாட்டவில்லை. நாற்பதையும் கூட்டி ஒரே மார்க்காகப் போட்டுப் பார்த்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் ஜெயித்தது. டாக்டர் அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

கடைசியில் புள்ளியம்மாவே ஒரு வழி சொன்னாள். புதிதாக இருநூறு பேர். முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்ட ஒரே கேள்வி: வீட்டில் சண்டை குறைந்ததா? இல்லையென்றால் டாக்டர் டானிக்கை மறந்துவிட வேண்டும். ஆமென்றால் தானே மன்னிப்புக் கடிதம் தருவதாகச் சொன்னாள்.

மூன்று மாதத்தில் தாள்கள் திரும்பி வந்தன. புள்ளியம்மா கணக்குப் போட்டாள். சண்டை பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. எவ்வளவு ஏற்றினாலும் பாஸ். இன்னும் இரண்டு தடவை போட்டாள், அதேதான். பன்னிரண்டு வருஷமாகப் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் பொய்யா? போனில் விஷயத்தைக் கேட்ட கணவன், வீட்டுக்கும் இரண்டு பாட்டில் எடுத்துவரச் சொன்னான்.

மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது, நோயாளிகளிடம் தாள் கொடுத்து வாங்கும் நர்ஸ் உள்ளே வந்தாள். மூட்டுக்கான மருந்து எப்படிச் சண்டையை நிறுத்தும் என்று புள்ளியம்மா வாய்விட்டே புலம்பினாள்.

நர்ஸ் அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"டானிக் குடிச்ச பாதிப் பேருக்குக் குரலே வரலையே மேடம், அப்புறம் எப்படிச் சண்டை போடுவாங்க? எழுதலாம்னுதான் பார்த்தேன், உங்க தாள்ல அதுக்குக் கட்டமே இல்ல."