பூ இல்லாத காசு

அன்பும் பண்பும் ஒரு காலத்தில் இருந்த மச்சான் அவர்களுக்கு,

என் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். அங்கே உங்கள் உடம்பும் பேரப்பிள்ளைகள் உடம்பும் சுகமாக இருக்கட்டும். உங்கள் மனசாட்சி மட்டும் கொஞ்சம் உறுத்தட்டும். வழக்கம்போல் நான் சொல்ல, உங்கள் தங்கை எழுதுகிறாள்.

மகன் வீட்டுக்குப் போகும்போது நீங்கள் விட்டுப்போன பழைய கோட்டைத் துவைக்க எடுத்தால், பையிலிருந்து ஒரு காசு விழுந்தது. நம் ரொட்டிக்கடையில் எதற்கெடுத்தாலும் சுண்டுவீர்களே, அதே காசு. ஒரு பக்கம் கட்டைவிரலுக்குக் குழியாகத் தட்டுப்பட்டது. எனக்குக் கண்ணில் புரை. தேய்ந்த காசு என்றுதான் நினைத்தேன். அச்சில் தப்பாக விழுந்த காசுக்கு நல்ல விலை உண்டு என்று முடிவெட்டுகிறவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதால், பழங்காசுக் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த ஆள் லென்சைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தராசில் போட்டார், மேசையில் தட்டி ஓசை கேட்டார். என் முழங்காலை டாக்டர்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

"ரெண்டு காசை அறுத்து ஒட்டின வேலையோன்னு பாத்தேன், ஒட்டே இல்ல. பொறக்கும்போதே தப்பா பொறந்த காசுங்க ஐயா, அதுக்குத்தான் மவுசு. பொறந்த பிறகு கெட்டதுக்கு ஒரு மதிப்பும் கெடையாது" என்றார். அங்கேயே உங்கள் ஞாபகம் வந்தது.

முந்தின காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் இது விழுந்ததாம். அதனால் ஒரு பக்கம் தலை புடைத்தும், மறுபக்கம் அதே தலை குழிந்தும் இருக்கிறதாம். "எழுத்தெல்லாம் கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பியிருக்கு பாருங்க" என்றார். எனக்கு எழுத்து நேராக நின்றாலும் முதுகைத்தானே காட்டும்? "அது கெடக்கட்டும், பூ எங்க?" என்றேன்.

"பூவே இல்லீங்க. ரெண்டு பக்கமும் தலைதான்."

மச்சான்! "தலை விழுந்தா நீ, பூ விழுந்தா நான்" என்பாயே! உள்ளங்கையைத் திறந்து தலையைக் காட்டிவிட்டு உடனே பைக்குள் போட்டுவிடுவாயே! விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியது யார்? நான். மாடியில் ஜன்னல் வைத்த அறை யாருக்கு? உனக்கு. புகைபோக்கிக்குப் பின்னால் வெந்தது யார்? நான். எனக்குக் காய்ச்சல் அடித்த அன்றைக்கும், மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு, "உனக்காக இன்னொரு தரம் சுண்டறேன்டா மாப்ளே"ன்னு பெருந்தன்மையா சுண்டினியே, பாவி! அட, "தலை விழுந்தா என் தங்கச்சிய நீ கட்டணும், பூ விழுந்தா உன் இஷ்டம்"னு சுண்டினதும் இதே காசுதானே! எழுதும்மா, ஏன் நிறுத்திட்டே? அந்த ஒண்ணுல மட்டும் எனக்குக் குறையே இல்லேன்னு சேத்து எழுது. பெரிசா எழுது.

கடைக்காரர் சொன்ன விலைக்கு ஒரு புது அடுப்பே வாங்கலாம். அது முழுக்க எனக்குத்தான். உனக்கு ஒரு சல்லி கிடையாது. சொந்த வீட்டு மனுஷனையே ரெண்டு தலைக் காசை வைத்து ஏமாற்ற எப்படித்தான் மனசு வந்ததோ! என்னால் கனவிலும் முடியாது.

உன் குடும்பம் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழட்டும். உன் கட்டைவிரலுக்கு மட்டும் ஒரு சுளுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
எல்லாம் தலையெழுத்து என்று நினைத்து ஏமாந்த
உன் மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, இது அவர் சொல்லாமல் நான் எழுதுவது. பழங்காசுக் கடைக்குப் போய்வந்த நாளிலிருந்து, சாப்பிட்ட பாத்திரத்தை யார் கழுவுவது என்று இந்தக் காசைத்தான் சுண்டுகிறார். தலை விழுந்தால் நானாம். ஒரு நாள்கூட நான் ஜெயிக்கவில்லை. ஏன் என்று இந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் தெரிந்தது. ஆகவே, காசு யாருக்கு என்று இப்போது அவர் கண்ணெதிரே நானே சுண்டினேன். தலை விழுந்தால் எனக்கு என்றேன். காசு என் முந்தானை முடிச்சில் இருக்கிறது, அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்.