நாலு மணி நோட்டீஸ், ஆறு மணி நோட்டீஸ்

அன்பும் பயமும் சரிபாதியாகக் கலந்து மாமா அவர்களுக்கு அக்கா மகன் எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

நேற்று போனில் நீங்கள், "திங்கக்கிழமை பத்து மணி வரைக்கும்தான் உன் நாற்காலியக் காலியா வச்சிருப்பேன், அப்புறம் வேற ஆளப் போட்டுருவாங்க" என்றபோது, "தேவையில்ல மாமா" என்று வீராப்பாகச் சொன்னேன். அந்த வீராப்பை வாபஸ் வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குரல் நடுங்கும். அதனால் மண்டபத்தின் பின்னறையில், ஸ்பீக்கர் பெட்டி மேல் தாளை வைத்து எழுதுகிறேன். மணி ஐந்தேகால்.

நம் ஆபீசில் ஒரே சோப்புக்கு இரண்டு உறை போட்டு, எது அதிகம் போகிறதென்று பார்ப்போமே, நீங்கள் சொல்லிக்கொடுத்த வழிதான், அதையே இங்கே நான் நடத்தும் முதல் பாட்டு நிகழ்ச்சிக்கும் செய்து தொலைத்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒட்டிய நோட்டீஸில் நாலு மணி, அந்தப் பக்கம் ஆறு மணி. எதற்கு அதிகம் பேர் விசாரிக்கிறார்களோ அதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடலாம் என்று திட்டம். ஒரு ஈ காக்கா விசாரிக்கவில்லை. யாரும் வரப்போவதில்லை என்ற துக்கத்தில் கிழிக்கவும் மறந்துவிட்டேன். இன்று நாலு மணிக்கு நாற்பது பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வாத்தியக்காரர்களுக்கு நான் சொன்னது ஆறு மணி. சோப்பு கடையில் சும்மா இருக்கும் மாமா, மனுஷன் இருப்பானா?

கூட்டத்தைச் சமாளிக்க மேடையேறி, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். பாடகியின் சிறப்பம்சங்களை இருபது நிமிஷம் விளக்கினேன். முன்வரிசை மீசைக்காரர், "தம்பி, நல்லாப் பேசுறீங்க, ரெண்டு டஜன் வாங்கிக்கிறேன். பாட்டு எங்க?" என்றார். அடுத்து, 'நிகழ்ச்சி எப்படி இருந்தது?' என்று கேட்கும் படிவத்தைக் கொடுத்தேன். எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: 'எந்த நிகழ்ச்சி?' வாசலில் நிற்கும் என் மனைவி, "ஏங்க, பின்பக்கம் ஒரு கதவு இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இதற்கெல்லாம் மேலே பாடகி. எங்கள் தெருத் தையல்காரம்மா. மிஷின் ஓட்டிக்கொண்டே அவர் பாடுவதைக் கேட்டுத்தான் நான் வேலையையே விட்டேன். மேடை ஏறியதே கிடையாது. சற்று முன் வந்து, கதவிடுக்கில் பார்த்துவிட்டு, "நாலு பேருதான் வருவாங்கன்னு சொன்னீங்களே சார்" என்றார். இப்போது என் எதிரே, "வீட்டுக்குப் போயிடட்டுமா சார்?" என்று கேட்டபடி உட்கார்ந்திருக்கிறார். மண்டபக்காரரோ, "ஏழு மணிக்குப் பூட்டிருவேன், இன்னொரு தடவ ஹால் கேட்டு வராதீங்க" என்கிறார். ஊரில் வேறு மண்டபம் இல்லை. என் புது வேலை இன்றோடு சரி.

ஆகவே திங்கள் பத்து மணிக்கு, சவரம் செய்து, கழுத்தில் டை கட்டி வந்துவிடுகிறேன். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி வேண்டும், நாற்காலியும் வேண்டும்.

இப்படிக்கு,
திருந்திய மருமகன்

பி.கு.: மணி ஏழே முக்கால். ஆறு மணிக்காரர்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். தையல்காரம்மா முதல் அடியிலேயே பாட்டை நிறுத்தி, மைக்கை வைத்துவிட்டு இறங்கப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது மீசைக்காரர் எழுந்து, "ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கோம்மா, இன்னும் ரெண்டு நிமிஷம் உக்கார மாட்டமா? தண்ணி குடிச்சிட்டு நிதானமாப் பாடு" என்றார். நாற்பது பேரும் ஆமாம் என்றார்கள். நாலு மணிக்கு வந்தவர்கள் மட்டும் இல்லாவிட்டால் தையல்காரம்மா வீட்டுக்குப் போயிருப்பார். பாடினார், மாமா; இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார். நான் திரைக்குப் பின்னால் நின்று அழுதேன். மண்டபக்காரர் இன்னும் பூட்டவில்லை. சாவியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.