கிடுகு நானா வாங்கிய கமராக் கம்பனி

புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரையுள்ள கரையில், எதையும் அவசரப்பட்டு விற்காத ஒரே மனிதர் கிடுகு நானாதான். அள்ளிய உப்பைக் குவித்து, தென்னோலைக் கிடுகால் மூடிவிட்டு மழைக்குக் காத்திருப்பார். மற்றவர்களின் பாத்திகளில் உப்புக் கரைந்து விலை ஏறிய பிறகுதான் கிடுகைத் தூக்குவார். பழைய மோட்டார் சைக்கிள், ஓர் அலுமாரி, ஆறு கதிரைகள் என எல்லாமே அவருடைய வீட்டு வளவில் கிடுகுக்குக் கீழே நல்ல விலையை எதிர்பார்த்துக் கிடந்தன. அலுமாரியைக் கறையான் தின்று முடித்த பிறகும் அதற்குக் கிடுகு மாற்றிக்கொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில், கொழும்பு அலுவலகங்கள் திரையில் முகம் பார்த்துக் கூட்டம் நடத்தத் தொடங்கின. அதற்கான கமராவையும் திரையையும் வெளிநாட்டிலிருந்து இறக்கி, சுவரில் பூட்டிக்கொடுக்கும் ஒரு கம்பனியின் பங்குகளை, ஒரு போக உப்பு விற்ற காசில் நானா வாங்கினார். நோக்கம் ஒன்றுதான்: பங்கை விற்று, தன் பாத்திகளை ஒட்டிய உப்புக் காணியை வாங்குவது. காணிக்காரர் டோஹாவில் இருந்தார். நானாவுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்.

நான் அப்போது புத்தளம் நகரத்தில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்தேன். தினமும் காலையில் வந்து என் திரையில் விலை பார்ப்பது நானாவின் வழக்கம். இரண்டு வருடத்தில் காணி வாங்கும் அளவுக்கு விலை ஏறியது.

"வித்துடுங்க நானா."

"இன்னும் மழ வரல்லயே புள்ள."

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, இதே கமராவை வேறு கம்பனிகள் பாதி விலைக்குக் கொண்டுவருகின்றன. இரண்டு, கைபேசியிலேயே நாலு பேர் முகம் பார்த்துக் கதைக்கலாம். மூன்று, அதற்குக் காசு கேட்பதில்லை.

நானா நிதானமாகப் படித்தார். "இதெல்லாம் மத்தவங்கட பாத்தி. மழ வந்தாக் கரஞ்சிடும்."

"இது உப்பில்ல நானா. வெச்சிருந்தாப் பழசாகிடும்."

"மூடித்தானே வெச்சிரிக்கன்."

பொய்யில்லை. பங்குத் தரகர் அனுப்பிய கடிதங்களைத் தகரப் பெட்டியில் போட்டு, பெட்டியின் மேல் கிடுகு வைத்திருந்தார்.

ஒருமுறை பங்குதாரர் கூட்டத்துக்கு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனார். அங்கே எழுந்து, "மெசின் விக்கிறது நீங்க. பிறகு என்னத்துக்கு எங்கள பஸ்ஸில வரச் சொல்றீங்க?" என்று கேட்டாராம். பதிலாகச் சோற்றுப் பார்சல் வந்தது. நல்ல கம்பனி என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்.

பிறகு கொரோனா வந்தது. ஊரடங்கின் நடுவில் நானாவின் அழைப்பு.

"மழ பெஞ்சிட்டு புள்ள. முழு உலகமும் கமராவுக்கு முன்னால. இப்ப கிடுகத் தூக்கவா?"

விலையைப் பார்த்தேன். உச்சத்தில் இருந்ததில் பாதிக்கு வந்திருந்தது. எல்லாரும் வீட்டிலிருந்து கைபேசியில் கதைக்கிறார்கள், அந்தக் கம்பனி பூட்டிய கமராக்கள் ஆளில்லாத அலுவலகங்களில் சும்மா கிடக்கின்றன என்று விளக்கினேன்.



"அப்ப கரஞ்சது எங்கட குவியலா?"

"ஓம் நானா."

அன்றே விற்கச் சொன்னார். வந்த காசு பாதிக் காணிக்குத்தான் போதுமாக இருந்தது. மற்றப் பாதியைப் பக்கத்துப் பாத்திக்காரர் ஏற்கெனவே கேட்டிருந்தார். காணிக்காரரால் டோஹாவிலிருந்து வர முடியவில்லை. ஆகவே ஊரடங்கு தளர்ந்த ஒரு காலையில், நானா கைபேசியை முன்னால் நீட்டிப் பிடித்தபடி வரம்பில் நடந்து எல்லையைக் காட்டினார். சாட்சிக்கு என்னையும் அழைப்பில் சேர்த்திருந்தார்.

"அந்த மூலையக் காட்டுங்க நானா," என்றார் காணிக்காரர். காட்டினார். "சரி, அதுவரைக்கும் ஒங்களுக்கு."

காணிக்காரர் அழைப்பிலிருந்து போன பிறகு நானா கைபேசியைத் தன் பக்கம் திருப்பினார்.

"எங்கட கம்பனிட மெசின் எண்டா, படம் இன்னும் தெளிவா வந்திரிக்கும். என்ன புள்ள?"

அவருடைய தாடியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"ஓம் நானா," என்றேன்.