மேலட்டைப் பொறியாளர்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிப்பு நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் கணக்கு வரும், வெப்பவியல் வரும், பெயரைச் சொன்னாலே தலை சுற்றுகிற இன்னும் பத்துப் பாடங்கள் வரும்; வந்ததெல்லாம் பரீட்சை முடிந்த மறுநாளே போய்விடும். போகாமல் கடைசிவரை ஒட்டிக்கொண்டு வருவது ஒன்றே ஒன்று: குரூப் ப்ராஜெக்ட். நாலு பேர் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் ஆசை. மூன்று பேர் செய்வார்கள். அந்த நாலாவது ஆசாமி இருக்கிறாரே, அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மேலட்டைப் பொறியாளர்.

ஏன் அந்தப் பெயர் என்கிறீர்களா? எண்பது பக்க அறிக்கையில் உள்ளே ஒரு வரிகூட அவர் எழுதியிருக்க மாட்டார். ஆனால் மேலட்டை அவருடையது. பல்கலைக்கழகச் சின்னம் நடுவில் வருவதா ஓரத்தில் வருவதா, எழுத்து நீலமா கறுப்பா என்று இரண்டு வாரம் யோசிப்பார். யோசித்துவிட்டு வாக்கெடுப்பு வேறு நடத்துவார். ஜெயிப்பது அவர் ஏற்கெனவே முடிவு செய்துவைத்த நீலம்தான்.

முதல் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து, வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, அதற்குப் பெயர் வைத்து, படம் மாட்டி, எல்லாரையும் உள்ளே இழுத்துப்போட்டு, தானே அட்மினாகவும் உட்கார்ந்துகொள்வார். எல்லாருக்கும் மைலோ ஐஸ் வாங்கி வருவார். "எது வரைக்கும் வந்திருக்கு கைஸ்?" என்று கேட்பார், யாராவது பதில் சொல்ல வாயைத் திறந்ததும் அவருடைய கைப்பேசி அடிக்கும், வெளியே போவார், திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும், பாதுகாப்புக் கண்ணாடியை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, அணைத்துவைத்த வெல்டிங் மெஷின் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார். நூற்றெண்பது லைக். ஏதாவது உடைந்துபோனால், "கான்செப்ட் ஓகேதான் லா" என்று தீர்ப்புச் சொல்வார்.

இப்படிப்பட்ட ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டியதுதானே? தள்ளிப் பாருங்களேன்! முடியாது. மேலட்டைப் பொறியாளர் தங்கமான மனுஷர். காய்ச்சல் என்றால் கஞ்சி வாங்கிக்கொண்டு வருவார், பிறந்தநாளை மறக்க மாட்டார், மோட்டார் சைக்கிளில் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடுவார். வேலை ஒன்றைத் தவிர வேறு எதைக் கேட்டாலும் செய்வார்.

நம் கையில் அகப்பட்டவன் சுரேன். மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அப்பா மாயாண்டி லாரி ஓட்டுகிறார். வீடு கோலா கங்சார் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்த ஒரு பழைய தோட்டத்தில். அந்தத் தோட்டத்தில் சுரேனை யாரும் சுரேன் என்று கூப்பிடுவதில்லை. இஞ்சினியர். முதல் வருடம் பாதி போவதற்குள்ளேயே அந்தப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. பட்டமளிப்பு விழாவுக்குப் போக மாயாண்டி பதினான்கு பேர் உட்காரும் வேன் ஒன்றைச் சொல்லிவைத்து, யார் யார் எந்த இருக்கையில் என்பதுவரை முடிவு செய்திருந்தார். மிச்சம் இருந்தது ஒரு ப்ராஜெக்ட். அதில் தேறினால் பட்டம்.

சுரேனின் குழுவில் மற்ற மூவர்: பாரிட் புந்தாரிலிருந்து வந்த தினேஸ்வரி, புந்தோங் பையன் விக்னேஸ்வரன், ஈப்போவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவரின் மகன் ஷாஹ்ருல். இவர்கள் எடுத்துக்கொண்டது முறுக்கு பிழியும் மெஷின். புந்தோங்கில் முறுக்கும் கடலையுமாகக் கச்சாங் பூத்தே போட்டு விற்கும் மங்களம் அக்காவுக்குத் தோள்பட்டை வலி.

"ஒரு நாளைக்கு முப்பது கிலோ மாவு பிழியிறேன் தம்பி. ராத்திரி தலை வார கை தூக்க முடியல. ஏதாச்சும் செஞ்சு குடுங்கய்யா."

தினேஸ்வரி நாடாவை எடுத்து அக்காவின் அச்சை அளந்தாள். விக்னேஸ்வரன் மாவை உருட்டிப் பார்த்தான். ஷாஹ்ருல் எங்கே பிளக் இருக்கிறது என்று தேடினான். சுரேன் கைகட்டி நின்று ஆழமாக யோசித்து, "அக்கா, மெஷினுக்கு என்னா கலர் புடிக்கும்?" என்றான்.

அடுத்த ஐந்து மாதம் நடந்தது உங்களுக்கே தெரியும். கணக்குப் போட்டு வரைபடம் வரைந்தவள் தினேஸ்வரி. இரும்பை அறுத்து ஒட்டியவன் விக்னேஸ்வரன். மோட்டாரும் கியர்பாக்ஸும் ஷாஹ்ருல் தலையில். முதல் சோதனையில் மாவு அச்சுக்குள்ளேயே இறுகிப்போய், மோட்டார் உறுமி, புகை வந்து, மூன்று பேரும் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் கழற்றினார்கள். அந்த வாரம் சுரேனும் சும்மா இருக்கவில்லை. நாலு பேருக்கும் டீசட்டை அடித்துக்கொண்டு வந்தான். முதுகில் ஒரு முறுக்கு, அதைச் சுற்றிப் பல்சக்கரம். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

மூன்றாவது சோதனையில் மெஷின் ஓடியது. அன்றைக்குப் பார்த்து மாயாண்டி, லாரியை வெளியே நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வந்துவிட்டார். மெஷினிலிருந்து முறுக்கு சுற்றிச் சுற்றி விழுவதைப் பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மெஷினைத் தொட்டார்.

"எங்க பரம்பரையிலே ஒருத்தன் மெஷினு செஞ்சிட்டான்யா" என்றார். பிறகு மற்ற மூவரையும் பார்த்து, "நீங்களும் கூட மாட இருந்து உதவி செஞ்சீங்க போல. நல்லா இருக்கணும் புள்ளைங்களா" என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விக்னேஸ்வரன் கையில் வெல்டிங் பொறி பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. "பரவால்ல அங்கிள்" என்றான். வேறு என்ன சொல்வது? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல நமக்கும் வாய் வந்திருக்காது.

கடைசி வாரத்தில் டாக்டர் கனகராஜ் ஒரு தாள் கொடுத்தார். ப்ராஜெக்டை மேற்பார்வையிடும் விரிவுரையாளர் அவர். கையால் செய்வதைவிடத் தாளில் எழுதுவதை நம்புபவர். தாளில் ஒரே கேள்வி: உன்னைத் தவிர்த்து, இந்த ப்ராஜெக்டில் அதிகம் உழைத்தவர் யார், என்ன செய்தார்? ஒரு பெயர்தான் எழுதலாம். ரகசியம். யாருடைய தாளிலும் வராத பெயருக்கு உரியவர் அடுத்த செமஸ்டரில் ப்ராஜெக்டை முதலிலிருந்து செய்ய வேண்டும். நாலு தாள், நாலு பெயர், கணக்கு சரியாக வரும் என்பது டாக்டரின் எண்ணம்.

இங்கேதான் நம் பிள்ளைகளின் நல்ல மனசு வேலையைக் காட்டியது. தினேஸ்வரி யோசித்தாள்: விக்னேஸ் பெயரை ஷாஹ்ருல் எழுதுவான், ஷாஹ்ருல் பெயரை விக்னேஸ் எழுதுவான், என் பெயரைச் சுரேன் எழுதுவான், பாவம் சுரேனை யார் எழுதுவார்? அந்த அப்பா முகம் கண்ணில் வந்து நின்றது. சுரேன் என்று எழுதினாள். என்ன செய்தான் என்று எழுத வேண்டுமே! அடுத்தவர் வேலையைத் தூக்கிக் கொடுத்தால் துரோகம், தன்னுடையதைக் கொடுக்கலாம். கணக்கும் வரைபடமும் சுரேன் என்று எழுதினாள்.

அடுத்த மேசையில் விக்னேஸ்வரன் இதையேதான் யோசித்தான். வெல்டிங் முழுக்கச் சுரேன். ஷாஹ்ருலும் அப்படியே. மோட்டார், கியர்பாக்ஸ், வயரிங் அத்தனையும் சுரேன்.

சுரேன் என்ன எழுதினான்? "பெயர் சொல்ல விரும்பவில்லை. டீம் ஸ்பிரிட்" என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தான்.

மறுநாள் டாக்டர் அவனைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பி, மூணு பேரு வேலையையும் நீ ஒருத்தனா செஞ்சிருக்கே. அந்த மூணு பேரும் கோசோங், வெறும் சைபர். அவங்க திரும்பச் செய்யட்டும். உனக்கு ஏ."

உண்மையைச் சொல்லத்தான் நினைத்தான் சுரேன், சத்தியமாக. ஆனால் வேன் ஞாபகம் வந்தது, பதினான்கு இருக்கைகளும் ஞாபகம் வந்தன. எதுவும் செய்யத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். அதில் அவனுக்கு நாலு வருட அனுபவம் இருந்தது. "தேங்க்ஸ் டாக்டர்" என்று வெளியே வந்துவிட்டான்.

கேன்டீனில் தினேஸ்வரி தனியாக உட்கார்ந்திருந்தாள். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் படிப்பு முடிந்த கடிதத்தோடு போய் நிற்க வேண்டும். இனி அந்த வேலை இல்லை. சுரேன் மைலோ ஐஸை அவள் முன்னால் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

"நீ யாரு பேர எழுதினே?"

"யாரு மனசும் நோகக்கூடாதுன்னு... பேரே எழுதல தினேஸ்."

"ஒரு பேரு. எங்க மூணு பேருல ஒரு பேரு எழுத உனக்குக் கை வரலையா? உன் பேர நான் எழுதினேன் சுரேன். உங்கப்பா மூஞ்சிக்காக எழுதினேன்."

அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பான். அது அவனுக்குக் கைவந்த கலை. அவள் அழாமல் எழுந்து போனாள். சுரேனுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை டாக்டர் கனகராஜின் கதவைத் தட்டினான். கையில் மடிக்கணினி. மற்ற மூவரும் வெளியே நடைபாதையில் நின்றார்கள்.

"டாக்டர், அந்தத் தாள்ல இருந்தது பொய். நான் ஒன்னும் செய்யல" என்று திரையைத் திருப்பிக் காட்டினான். பன்னிரண்டு ஸ்லைடு. எந்தத் தேதியில் யார் எந்த வேலை, யார் போட்ட கணக்கு, யார் அறுத்த இரும்பு, பட்டறைப் பதிவேட்டில் யார் கையெழுத்து என்று ஒன்றுவிடாமல் இருந்தது. கடைசி ஸ்லைடில் ஒரு வட்டம். மூன்று பெரிய துண்டு, கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற நாலாவது துண்டு. அதன் மேல் சுரேனின் பெயர்.

டாக்டர் நம்பவில்லை. தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார். "சரி, அந்த மாவு தள்ளுற திருகு, அது என்ன இரும்பு?"

சுரேன் நெடுநேரம் யோசித்தான். "நீலம், டாக்டர்."

டாக்டர் சிரிப்பதை நிறுத்தினார். வகுப்பில் ஆங்கிலம், அறையில் நாகரிகமான தமிழ்; கோபம் தலைக்கேறினால் கனகராஜ் ஊர்த் தமிழுக்கு வந்துவிடுவார். அன்றைக்கு ஐந்து நிமிடம் அவர் பேசிய தமிழை இங்கே அச்சேற்ற முடியாது. முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். மறுபடி ஸ்லைடுகளைப் பார்த்தார்.

"இதையாவது ஒழுங்கா செஞ்சிருக்கே. இவ்வளவு சுத்தமா ஒரு பிரசென்டேஷன் நான் இந்த வருஷம் பார்க்கல."

சுரேன் தரையைப் பார்த்தான். "அது... தினேஸ்வரி செஞ்சு குடுத்தா, டாக்டர். யாரு என்னா செஞ்சாங்கன்னு எனக்குச் சரியா தெரியாதுல்ல."

மூவரும் தேறினார்கள். தினேஸ்வரிக்கு அந்த வாரமே கடிதம் கிடைத்தது. சுரேனுக்கு இன்னொரு செமஸ்டர், புதிய ப்ராஜெக்ட், குழுவில் ஒரே ஆள், அவன் மட்டும். அந்தத் தீர்ப்பைக் கேட்டபோது வந்த பயம் அவனுக்கு வேறு எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். மாயாண்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. வேன்காரனுக்குப் போன் போட்டு, இந்த வருஷம் வேண்டாம் என்றார். போனை வைத்துவிட்டு, "அப்ப அந்த மெஷினு?" என்று கேட்டார்.

"அவங்க மூணு பேரும்தாம்ப்பா."

"ரொம்ப நல்லா செஞ்சிருந்தாங்கடா" என்றார் மாயாண்டி.

சுரேனையாவது பிடித்து உட்காரவைத்தாயிற்று. பிடிபடாமல் உலவுகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? கோவில் கமிட்டியில் இருக்கிறார்கள், கல்யாண வீட்டில் மைக் பிடிக்கிறார்கள், ஆபீசில் "நம்ம டீம் ராப்பகலா உழைச்சுது" என்று நெஞ்சில் கை வைக்கிறார்கள். நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். நல்லது, நம்புகிறேன்.

ஆனால் ஒன்று. இதைப் படித்து முடித்ததும் உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். உடனே இதை நகலெடுத்து, அவர் இருக்கிற குரூப் உட்பட நாலு குரூப்பில் தட்டிவிடப் போகிறீர்கள். கீழே இருக்கும் என் பெயர் எப்படியோ உதிர்ந்துபோயிருக்கும். "அண்ணே, செமையா எழுதியிருக்கீங்க லா!" என்று ஒருவர் போடுவார். நீங்கள் எழுதவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். அப்புறம், எதற்கு வம்பு என்று, ஒரு கும்பிடு பொம்மையை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பீர்கள்.