பதினேழாவது பெயர்

எனக்கு ஒரு வியாதி உண்டு. நான்கு பேர் ஓரிடத்தில் சேர்ந்து நின்றால் அவர்கள் பெயரை எழுதி, எண் போட்டு, கோடு கிழித்தால்தான் மூச்சு சீராகும். (கோடு அளவுகோல் வைத்துத்தான்.) இந்த வியாதியால் இதுவரை யாரும் செத்ததில்லை. ஒருத்தியின் படிப்புதான் செத்தது.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், ஈப்போவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடத் துறை படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் பெண்களுக்கு இடம் போதவில்லை. வெளியே அறை வாடகையோ, ரப்பர் மரம் சீவும் எங்கள் பெற்றோருக்கு எட்டாதது. பீடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழி பரமேஸ்வரியை, லகாட்டில் அவள் தங்கியிருந்த வீட்டுக்காரி மாதக் கடைசியோடு காலி செய்யச் சொல்லிவிட்டாள். வேறு இடம் கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். கல்லூரி வளாகத்தின் பின்புறம், விரிவுரையாளர்களுக்கென்று கட்டிய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று ஆளில்லாமல் வௌவால்களுக்கு இலவசமாக விடப்பட்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை பதினேழு பெண்கள் பாயும் வாளியுமாக உள்ளே போனோம். குறைந்த வாடகைக்குக் கொடுக்கும்வரை நகர மாட்டோம் என்று துணியில் எழுதி மாடியில் கட்டினோம். எனக்கு அது போதவில்லை. அறைகளை அளந்தேன். எந்தச் சுவரோரம் யார் பாய் என்று வரைபடம் போட்டேன். கடைசியில் வாசல் கதவில் பட்டியல் ஒட்டினேன்: எண், முழுப் பெயர், வகுப்பு, அறை.

"பேரெல்லாம் எதுக்குடி வெளிய ஒட்டுற?" என்றாள் பரமேஸ்.

"பேர் இருந்தாத்தான் வீடு. ஒனக்குத் தெரியாததா?"

அவளுக்கும் தெரியும். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். புத்தகத்தில் பெயர் இருக்கும்வரை தோட்டம் தந்த லயத்து வீடு நம்முடையது. பெயரை அடித்துவிட்டால் சட்டி பானை வெளியே வந்துவிடும். அதனால் பக்கத்து வீட்டுக்காரி பெரட்டுக்குப் பிந்தினால், "கொழாயடிக்குப் போயிருக்கா, இந்தா வந்துருவா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். ஒரு பெயர் விட்டுப்போகப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போன்ற பாவம் எங்கள் தோட்டங்களில் கிடையாது.

ஐந்தாம் நாள் காலை மாணவர் விவகார அதிகாரி வந்தார். தைப்பிங் தமிழர். மழை விட்ட பிறகும் குடையை மடக்காதவர். கூடவே இரண்டு காவலாளிகள். கதவிலிருந்து என் பட்டியலை ஒரு மூலைகூடக் கிழியாமல் உரித்தெடுத்தார். (பசையை அளவாகத் தடவியிருந்தேன்.) எங்களை வெளியே வரிசையில் நிற்க வைத்தார்.

"இதப் பாத்துக் கூப்புடுறேன். இங்க இருக்கிறவங்க மேலதான் நடவடிக்கை. இல்லாதவங்களப் பத்தி எனக்குத் தெரியாது," என்றார்.

புத்தியுள்ளவர்கள் வாயை மூடியிருப்பார்கள். நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். "இருக்கேன் சார்." "இருக்கேன் சார்." பதினாறு வரை ஒருத்திகூடப் பிசகவில்லை.

பதினேழு, பரமேஸ்வரி. அவள் உண்மையிலேயே குழாயடிக்குப் போயிருந்தாள். கட்டடத்தின் மூலையில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டதை நான் பார்த்தேன். அதிகாரியும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பட்டியலை மடித்தார்.

"சார், ஒரு பேர் விட்டுப்போச்சு," என்றேன், தெளிவாக, மரியாதையாக.

"நான் கூப்புடல."

"அதான் சார் சொல்றேன். பதினேழு, பரமேஸ்வரி. கொழாயடிக்குப் போயிருக்கா, இந்தா வந்துருவா."

அவர் மடித்த பட்டியலோடு என் பக்கம் திரும்பினார். "நீ என்னா பாப்பா படிக்கிற?" என்று கேட்டார். சொன்னேன். பட்டியலை மறுபடி விரித்தார். காவலாளிகள் திரும்பி மூலையைப் பார்த்தார்கள். பரமேஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நல்லா இரு லா," என்றாள்.

பதினேழு பேருக்கும் ஒரு பருவம் இடைநீக்கம். விடுதியில் ஒரு கட்டில் காலியாகியிருந்ததாம். நடவடிக்கையில் சிக்காத ஒருத்திக்குத் தரலாம் என்று அந்த மனிதர் வைத்திருந்தாராம். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதினாறு பேர் எப்படியோ திரும்பி வந்து, ஓர் அறைக்கு ஆறு பேராக நெருக்கிக்கொண்டு படித்தோம். பரமேஸ் தைப்பிங்கில் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போனவள், திரும்பவில்லை. கட்டடம் வௌவால்களிடமே திரும்பியது.

மூன்று வருடம் கழித்து அவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டாள். (இதற்கு நான் பட்டியல் எதுவும் போடவில்லை.) வீட்டில் அண்ணன் அவளைத் தேடினால் அடுப்படியிலிருந்து குரல் வரும்: "நான் எங்க இருக்கேன்னு ஒங்க தங்கச்சியக் கேளுங்க, கரெக்டா சொல்லுவா." என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

போன மாதம் அரசாங்க மலிவு விலை வீட்டுக்கான விண்ணப்பப் பாரம் வந்தது. நிரப்பும் வேலை வழக்கம்போல் எனக்கு. அண்ணியின் பெயர், வயது எழுதினேன். கல்வி என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"என்னாடி யோசன? கொழாயடி வரைக்கும்னு போடு."

அண்ணன் சிரித்தான். அம்மா சிரித்தாள். அண்ணியும் சிரித்தாள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுப் பாரத்தை அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது, முழுமையாக நிரப்பவும் என்ற குறிப்போடு.