ஆற்றங்கரைக் கல்லூரியின் பழைய மாணவர்கள்

ஒரு கல்லூரிப் பட்டத்தின் விலை ஒரு மேசை ஃபேன் என்று முடிவானது. அதுவும் பேரம் பேசித்தான். பள்ளி மண்டபத்துச் சுவரில் சாய்த்த பலகை முன்னால், ஏணி மேலிருந்த பெயின்டர் முதலில் கேட்டது ஆளுயர ஸ்டாண்டு ஃபேன்.

"ஸ்டாண்டு ஃபேன் கொடுத்தா நீ எனக்கு டாக்டர் பட்டமே போடணும்யா," என்றார் ஃபேன் கடைக்காரர், அண்ணாந்து பார்த்து.

"தங்கப் பெயின்ட் சார். ஒரு தடவை ஏறினா இறங்காது. உங்க கடை ஃபேன் அப்படியா?"

"மேசை ஃபேன். ஒரு வருஷம் கேரண்டி. பலகையை மாட்டினதும் வந்து வாங்கிக்க. பேச்சு முடிஞ்சுது."

அது ஒரு வடிகட்டும் பள்ளிக்கூடம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதினால் கணக்கும் அறிவியலும் கரைத்துக் குடித்த முப்பது பேரைத்தான் உள்ளே விடும். மண்டபத்தில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு வருடமும் படித்து முடித்தவர்களின் பெயர் இடப்பக்கம், அவர்கள் போய்ச் சேர்ந்த கல்லூரி வலப்பக்கம். பெற்றவர்கள் ஆய்வகத்தைப் பார்த்து மயங்குவதில்லை. அந்த வலப்பக்கத்தைப் பார்த்துத்தான் மயங்குவார்கள்.

கடைக்காரரும் அந்த முப்பதில் ஒருவர்தான். ஆனால் அவர் பெயருக்கு எதிரே கல்லூரி கிடையாது. ஒரு சின்னக் கோடு. வகுப்பு மொத்தமும் பெட்டி படுக்கையோடு ரயில் ஏறிய அந்த மாதம், அவருடைய அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாரம் கல்லாவுல உட்காருடா," என்றார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

இப்போது அவர் மகள் அதே பள்ளியில் கடைசி வருடம். அவளிடம் அவர் பொய் சொன்னதே இல்லை. "நீங்க எந்தக் காலேஜ்ப்பா?" என்று கேட்டபோதெல்லாம், "அதெல்லாம் ஒரு காலம்மா," என்று பெருமூச்சு விட்டிருக்கிறார், அவ்வளவுதான். மீதியை அவளே கட்டிக்கொண்டாள். மண்டபக் கூரை பழுதென்று அவள் சேரும் முன்பே பலகையைக் கழற்றி வைத்திருந்ததால், இந்த இரண்டு வருடம் பிழைப்பு ஓடியது. இப்போது கூரை சரியாகி, பலகையைப் புதிதாக எழுதி மாட்டப் போகிறார்கள்.

"எந்தக் காலேஜ் போடட்டும்?" என்றார் பெயின்டர்.

பெரிய கல்லூரிகள் ஆபத்து. ஒவ்வொன்றிலும் ஏழெட்டு பேர் படித்துத் தொலைத்திருந்தார்கள். கடைக்காரர் கண்ணை மேலே ஓட்டினார். இரண்டு வரிசைக்கு மேலே, கண்ணுக்கு எட்டியவரை ஒரே ஒரு சீனியருக்கு எதிரே, 'ஆற்றங்கரை அறிவியல் கல்லூரி.'

"அதைப் போடு."

பெயின்டர் தூரிகையைத் துடைத்தார். "நல்ல காலேஜ் சார். கூட்டமிருக்காது."

பலகை மாட்டிய அன்று மகள் வீட்டுக்குள் செருப்போடு ஓடி வந்தாள்.

"அப்பா! ஆற்றங்கரையா? சொல்லவே இல்ல! எப்படி இருக்கும்?"

சுமார் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"லைப்ரரி பக்கத்துல ஒரு பெரிய மரம்மா. ஒரு கிளை ஜன்னல் வழியா உள்ளயே வரும். அதுல சட்டையை மாட்டிட்டுப் படிப்போம். கேன்டீன்ல இருந்தது அஞ்சே டம்ளர். முன்னாடி இருக்கிறவன் குடிச்சு முடிச்சாத்தான் நமக்கு டீ. இயற்பியல் வாத்தியார் ஒருத்தரு, கடைசி வரைக்கும் எங்க மூஞ்சியைப் பார்க்காம கரும்பலகைகிட்டயே பேசிட்டுப் போனாரு."

இதில் எதையும் அவர் புளுகவில்லை. விடுமுறைக்கு வரும் நண்பர்கள் கடையில் ஃபேன் அட்டைப்பெட்டிகள் மேல் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். மரம் ஒருவனுடையது. டம்ளர் இன்னொருவனுடையது. வாத்தியார் மூன்றாமவனுடையவர். நடுநடுவே வருபவர்களுக்கு பல்பை எரியவிட்டுக் காட்டிக்கொண்டே இவர் எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டார்.

"இந்த மரத்தைப் பத்தி என்கிட்ட மூச்சு விட்டதில்லையே?" என்றாள் மனைவி.

"நீ கேக்கலையே."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, 'வீட்டுக்காரரே, உங்க காலேஜ்ல மரம் உண்டா'ன்னு எவ கேப்பா?"

மகள் விடுவதாக இல்லை. பேச்சை வெட்ட எண்ணி, "அங்க இடம் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம்மா," என்றார். அங்கேதான் தப்பு. கஷ்டம் என்று சொன்னால் பாய்கிற பிள்ளைகளாகப் பார்த்துத்தான் அந்தப் பள்ளிக்கூடம் பொறுக்கி எடுக்கிறது.

மறுநாளே தலைமையாசிரியை ஃபோன் செய்தார். பள்ளிக்குப் புதிதாக வந்தவர்.

"சார், உங்க பொண்ணு முதல் விருப்பமா ஆற்றங்கரை எழுதப் போறாளாம். அவ சொல்லிக் கேட்டு இன்னும் ரெண்டு பேர். நாங்க அந்தக் காலேஜுக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துடுச்சு. இடம் மாறிட்டாங்கபோல. நீங்க வந்து பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லணும்."

"எனக்குப் பேச வராதுங்க," என்றார், பல்பு வாங்க வருபவர் தலையில் ஃபேனைக் கட்டி அனுப்பும் மனிதர். "என் சீனியர் ஒருத்தரு அங்க படிச்சிருக்காரு. பஸ் கம்பெனி முதலாளி. அவரைக் கூப்பிடுங்க, பிரமாதமா பேசுவாரு."

"அப்படியா! ரொம்ப நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க."

மண்டபத்தில் நுழைந்ததும் ஆய்வகத்து அமிலவாடை மூக்கில் ஏறியது. ஒரு வாடை மேல் இவ்வளவு பிரியம் வைக்க முடியும் என்று அவர் நினைத்ததில்லை. ஏணி மேல் பெயின்டர் போன வருடத்துப் பிள்ளைகளை எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ஃபேன்..."

"வருது, வருது."

பலகைக்குக் கீழே இரண்டு நாற்காலி. ஒன்றில் பஸ் முதலாளி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

"நீங்க... அங்கதானா தம்பி?"

"உங்களுக்கு ரெண்டு வருஷம் பின்னாடிண்ணே."

"ஓ." பஸ் முதலாளி கைக்குட்டையை நாலாக மடித்தார். "ஆறு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுண்ணே. கரையிலதான் காலேஜ்."

"ஆமாமா. கரையிலதான்." பஸ் முதலாளிக்கு மூச்சு வந்தது.

"லைப்ரரி பக்கத்துல மரம்..."

"அந்த மரம்தானே! அதுல ஒரு அணில் இருக்குமே!"

"எங்க காலத்துல அணில் இல்லையேண்ணே."

"போய்ச் சேர்ந்துடுச்சா?" பஸ் முதலாளியின் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "அந்த நாளெல்லாம் இனி வருமா தம்பி?"

"வராதுண்ணே."

கடைக்காரருக்கும் கண் கலங்கியது. அவர் நடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அதற்குள் மகள் வந்துவிட்டாள். பின்னால் இரண்டு தோழிகள், அவர்களுக்கும் பின்னால் தலைமையாசிரியை. கையில் விருப்பப் படிவம்.

"அப்பா, இன்னிக்குத்தான் கடைசி நாள். பெரிய காலேஜை ரெண்டாவதுக்குத் தள்ளிட்டேன். இந்த முதல் கட்டம் மட்டும்தான் பாக்கி. ஆற்றங்கரைன்னு நீங்களே உங்க கையால எழுதுங்க." பேனாவை நீட்டினாள்.

இறக்கை லேசாக வளைந்த ஃபேனைக்கூட இதுதான் புது மாடல் என்று விற்றவர் அவர். அந்தப் பேனாவை வாங்க மட்டும் கை நீளவில்லை.

"வேண்டாம்மா. நான் அங்க படிக்கல."

"என்னப்பா சொல்றீங்க?"

"எங்கயுமே படிக்கல. எல்லாரும் ரயில் ஏறினப்போ நான் கல்லாவுல உட்கார்ந்தேன். பலகையில கோடுதான் இருந்துச்சு. உன் கண்ணுல அது பட்டுடக் கூடாதுன்னு..."

அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு அவரை.

"அப்போ அந்த மரம்?"

"அது ஒரு ஃப்ரெண்டோட காலேஜ் மரம்."

"அஞ்சு டம்ளர்?"

"அது வேற ஒருத்தனுது."

"உங்களுதுன்னு எதுவுமே இல்லையாப்பா?"

"அவனுங்க உட்கார்ந்து பேசின அட்டைப்பெட்டிங்க. அது மட்டும் நம்ம கடையோடது."

அவள் இரண்டாவது கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்தாள். பிறகு முதல் கட்டத்தில் பெரிய கல்லூரியை எழுதினாள். தோழிகளும் அவசர அவசரமாக எழுதினார்கள். பேனாவை மூடிவிட்டு அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டாள்.

"மரம் நல்லா இருந்துச்சுப்பா," என்றாள். "போகிற இடத்துல அப்படி ஒண்ணு இருந்தா உங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் முதலாளியின் கைக்குட்டை நழுவி விழுந்தது.

"அப்போ அணில்?"

"அணிலைச் சொன்னது நீங்கண்ணே!"

"ஆமா, இல்ல?" அவர் நாற்காலியில் சரிந்தார். "நானும் போகல தம்பி. எங்கப்பா பஸ்ஸை ஓட்ட ஆள் இல்லாம ஸ்டியரிங்கைப் பிடிச்சவன். நீ மரம்னு ஆரம்பிச்சதும், ஒருவேளை போயிருந்தேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"அப்புறம் ஏண்ணே இந்தக் காலேஜ் பேரைப் போட்டீங்க?"

"எனக்கு மேல ஒருத்தரு அங்க படிச்சிருந்தாரேப்பா!"

எல்லோரும் அண்ணாந்தார்கள். தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை மேலே மேலே நகர்த்தினார். பஸ் முதலாளிக்கு மேலே ஒருவர் ஆற்றங்கரை. அவருக்கு மேலே இன்னொருவர். அதற்கும் மேலே. விரல் கடைசியில் பள்ளியின் முதல் வருட வரிசையில், மற்ற எல்லாவற்றையும்விடப் பளபளத்த ஒரு பெயரில் போய் நின்றது.

"இவராவது நிஜமாப் போயிருப்பாரா?"

ஏணி மேலிருந்து பெயின்டர் திரும்பாமலே சொன்னார்: "அது என் பேருதான் மேடம். கூடப் படிச்சவங்களுக்கெல்லாம் காலேஜ் எழுதிட்டு என் பேருகிட்ட வந்தப்போ, கோடு போட கை வரல, நானே ஒரு காலேஜைக் கட்டிட்டேன். இந்த சாரோட சேர்த்து இதுவரைக்கும் ஒன்பது பேர் அங்க படிச்சிருக்கோம். மத்தவங்க கணக்கெல்லாம் தீர்ந்துடுச்சு, சாரோட மேசை ஃபேன் மட்டும்தான் பாக்கி."