அண்ணாச்சியின் அன்ரிசர்வ்டு பந்தி

இயேசு கிறிஸ்துவே செகந்திராபாத் ஸ்டேஷனில் வந்து இறங்கி, ஆட்டோ பிடித்து எங்கள் கோயில் அசனத்துக்கு வந்திருந்தாலும், "ஐயா, ரொம்ப சந்தோசம். வரிசையில எங்க எடம் காலியா இருக்கோ அங்கன உக்காருங்க" என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே மனிதர் பந்தி அண்ணாச்சிதான். இயேசுவும் மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்திருப்பார். தகராறு செய்ததெல்லாம் அவருடைய பக்தர்களாகிய நாங்கள்தான்.

அசனம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கோயில் வளாகத்தில் கூடிச் சாப்பிடுவார்கள். ஒருவர் அரிசி மூட்டை தருவார், ஒருவர் ஆடு தருவார், ஒன்றுமில்லாதவர் வந்து வெங்காயம் உரிப்பார். எல்லாம் ஒரே அடுப்பில் வெந்து, எல்லோருக்கும் ஒரே வரிசையில் இலை விழும். ரயில்வே வேலைக்காக இங்கே வந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு இந்த வழக்கத்தையும் கொண்டுவந்து இறக்கிவிட்டன. பிரியாணிக்குப் பேர்போன ஊரில், வெள்ளைச் சோற்றுக்கும் ஆட்டுக்கறிக் குழம்புக்கும் காலையிலிருந்து பட்டினி கிடந்து வருகிற கூட்டம் எங்களுடையது.

அண்ணாச்சி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாரெட்பள்ளியில் ஒரு சந்துக்குள் தனியாகக் குடியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. புருஷன் பெண்டாட்டியையே சேர்த்து உட்காரவிடாத ஆளுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது என் மனைவியின் கருத்து. நிஜப் பெயர் என்னவென்று என்னைக் கேட்காதீர்கள். கோயிலில் ஐயர் முதற்கொண்டு எல்லோருக்கும் அவர் பந்தி அண்ணாச்சிதான். (எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம். பிராமண நண்பர்கள் மன்னிக்கவும்.)

என் மனைவியின் கருத்துக்குக் காரணம் உண்டு. தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து, புது மாப்பிள்ளையாக இந்த ஊருக்கு வந்து, அவளோடு முதல் அசனத்துக்குப் போயிருந்தேன். இரண்டு பேரும் பட்டும் வேட்டியுமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அண்ணாச்சி எங்கள் நடுவில் வந்து நின்றார்.

"என்னடே இது, போட்டோ ஸ்டூடியோவா? எந்திரி."

"கல்யாணமாகி ரெண்டு மாசம்தான் அண்ணாச்சி."

"வீட்டுல தெனமும் பக்கத்துலதான உக்காருதிய? இங்கன வந்தும் எதுக்கு? இந்தப் பக்கத்துக்காரரு பேரு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. "தெரிஞ்சுக்க" என்று என்னை அங்கேயே அமுக்கிவிட்டு, என் மனைவியை அழைத்துக்கொண்டு போய் எங்கோ கண்காணாத தூரத்தில் உட்கார வைத்தார். என் பக்கத்திலிருந்தவர் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறவர். அதற்குப் பிறகு என் மகள்களின் பிறந்தநாள் கேக் எல்லாம் அவர் கையால்தான். அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே நாங்கள் சம்பாதித்த சிநேகங்கள் இப்படி நிறைய.

அவருடைய சட்டம் சுலபமானது. வாசலில் எந்த வரிசையில் நுழைகிறீர்களோ அந்த வரிசையில்தான் உட்கார வேண்டும்; சேர்ந்து வந்த புருஷன் பெண்டாட்டி மட்டும் தள்ளித் தள்ளி. "நான் ஆயுசு பூரா ரயில்வேயில இருந்தவன். பஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ், ஏசி எல்லாம் அங்கன. ஆண்டவரு பந்தியில எல்லாமே அன்ரிசர்வ்டு" என்பார். கொரிந்து ஊர்ச் சபையில் வசதியானவர்கள் முதலில் வந்து வயிறு முட்டச் சாப்பிட்டதற்கும், ஏழைகள் பிந்தி வந்து பசியோடு திரும்பியதற்கும் பவுல் அப்போஸ்தலர் கொடுத்த வசவைப் பற்றி, நேற்று ஃபோனில் கேட்டுவிட்டு வந்தவர் மாதிரி பேசுவார்.

ஒருமுறை எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரிய விஞ்ஞானி ஒருவர், முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது, நாற்காலி வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கை. அண்ணாச்சியும் நியாயமாகத்தான் யோசித்தார். ஒருவருக்கு நாற்காலி என்றால் அந்த வரிசை முழுவதற்கும் நாற்காலி. அத்தனை நாற்காலி கோயிலில் ஏது? ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் பெஞ்சுகளைத் தூக்கி வரச் செய்தார். அரை முழ உயரப் பெஞ்சில் விஞ்ஞானி உட்கார்ந்தபோது அவருடைய முழங்கால் அவருடைய தாடையைத் தொட்டது. அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான். சாப்பிட்டு முடித்து எழ முடியாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்து எழுந்தார்கள். விஞ்ஞானி அதன் பிறகு முழங்காலைப் பற்றிப் பேசவே இல்லை.

பரிமாறுகிறவர்களுக்கும் கெடுபிடி உண்டு. காரில் வந்தவர் இலையில் கறித்துண்டும், நடந்து வந்தவர் இலையில் எலும்பும் விழுவதை எந்த ஊர்ப் பந்தியிலும் பார்க்கலாம். "மூஞ்சியப் பாக்காத, எலையப் பாரு" என்பது அண்ணாச்சியின் உத்தரவு. அப்படியும் நாங்கள் முகத்தைப் பார்த்ததால், ஒரு வருஷம் பரிமாறுகிற எல்லோர் தலையிலும் துண்டைப் போட்டு, புருவம் வரை இறக்கிக் கட்டிவிட்டார். குழம்பு வாளி என் கையில். எனக்கு இலை தெரிந்தது, வாளி தெரிந்தது. இலைக்கு முன்னால் மடி ஒன்று இருப்பது தெரியவில்லை. ஊற்றிவிட்டேன். துண்டைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை அங்கியில் விருந்தினராக வந்திருந்த பிஷப். அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாத்தியளா ஐயா! ஆள் யாருன்னு பாக்காமயே ஊத்தியிருக்கான்!"

பிஷப் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, "கறித்துண்டு மட்டும் இலையில போடச் சொல்லுங்க" என்றார்.

இதையெல்லாம் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறோம். சொல்லிச் சிரிக்க முடியாத ஓர் அசனமும் உண்டு.

ஊர் மாறிக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் எங்கள் கோயிலில் சேர்ந்தன. கார் நிறுத்த இடம் போதவில்லை. அப்படிச் சேர்ந்தவர்களில் பட்டான்செரு பக்கம் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியின் மேனேஜரும் ஒருவர். தன்மையான மனிதர், காணிக்கையில் தாராளம். அதே ஃபேக்டரியில் கான்ட்ராக்ட் கூலியாக வேலை பார்த்த ஜெபராஜும் எங்கள் கோயில்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மனைவியோடும் சின்ன மகளோடும் பஸ் மாறி மாறி ஆராதனைக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார்.

இரண்டு பேருக்கும் ஒரே ஃபேக்டரி என்பது அண்ணாச்சிக்கு அசனத்தன்று காலையில்தான் தெரிந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாக முன்பின் தெரியாதவர்களைத்தான் சேர்த்து உட்கார வைத்திருக்கிறார். முதலாளி பக்கத்து மனிதரையும் கூலிக்காரரையும் ஒரே பாயில் உட்கார வைக்கும் பாக்கியம் இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதற்காகத் தன் சட்டத்தையே முதல்முறையாக மீறினார். வரிசையில் எங்கெங்கோ இருந்த ஜெபராஜையும் மனைவியையும் மகளையும் சேர்த்து எழுப்பி, மேனேஜர் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார். கோயிலே கேட்கும்படி அறிமுகமும் செய்தார்.

"சார், இது நம்ம ஜெபராஜு. ஒங்க ஃபேக்டரியிலதான் கான்ட்ராக்டு. அங்கன நீங்க பாத்திருக்க மாட்டிய. இன்னைக்கு அண்ணன் தம்பியா ஒக்காந்து சாப்பிடுங்க!"

மேனேஜர் சட்டென்று நகர்ந்து இடம் கொடுத்தார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்ப்பா. எந்த பிளான்ட்? இன்னைக்கு உங்களுக்கு எந்த ஷிஃப்ட்?"

நான் ரசத்தோடு அந்த வரிசையில்தான் நின்றிருந்தேன். ஜெபராஜ் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அவருக்கு அன்றைக்குக் காலை ஷிஃப்ட். கான்ட்ராக்ட் ஆளுக்கு அசனத்துக்கென்று யார் லீவு தருவார்கள்? காய்ச்சல் என்று சூப்பர்வைசரிடம் ஃபோனில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தெரிந்தால் மறுநாள் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கான்ட்ராக்ட் ஆளை அனுப்பக் காரணம்கூடத் தேவையில்லை.

"பாப்பாக்கு வயிறு சரியில்ல சார்" என்று எழுந்தார். மகளைத் தூக்கினார். அந்தக் குழந்தை, "நான்னா, ஆகலேஸ்துந்தி" என்று தெலுங்கில் அழுதது. அப்பா, பசிக்கிறது என்று அர்த்தம். வரிசை முழுவதற்கும் அந்தத் தெலுங்கு புரிந்தது. மனைவியும் எழுந்தாள். அண்ணாச்சி வாசல் வரை பின்னாலேயே ஓடினார். "ஏ, என்னடே ஆச்சு? ஒரு வாய் தின்னுட்டுப் போடே!" ஜெபராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. அசனத்தில் சாப்பிடாமல் எழுந்துபோனவர்களின் இலைகளை எங்கள் கோயில் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது.

சாயங்காலம் அண்ணாச்சி ஒரு தூக்குவாளியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு பட்டான்செருவுக்குக் கிளம்பினார். வாளி பிடிக்க நான். பஸ்ஸில், அப்புறம் ஷேர் ஆட்டோவில், வழி நெடுக அவர் யாரையும் அதட்டவில்லை, இடம் மாறி உட்காரச் சொல்லவில்லை. எனக்கு அது பிஷப் மடியில் குழம்பு ஊற்றியதைவிடப் பயமாக இருந்தது.

ஜெபராஜ் எங்களை மரியாதையாகத்தான் வரவேற்றார். அவர் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். காய்ச்சல் என்று பொய் சொன்ன விஷயத்தை ஜெபராஜ் அப்போதுதான் சொன்னார்.

"மேனேஜர் அப்படிப்பட்ட ஆளு இல்லடே. நான் அவருகிட்டச் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி.

"நக்கோ அண்ணாச்சி, வேண்டாம், எதுவும் சொல்லாதீங்க. அவரு நல்லவருதான். அவருக்கு அங்க ஒண்ணுமே தோணியிருக்காது. எனக்குத்தான் எல்லாம் தோணுது. நீங்க மத்தியானம் பாயச் சுருட்டிருவீங்க. நான் காலைல அவரு கேட்டுல போய் நிக்கணுமே."

"ஆண்டவரு முன்னால எல்லாரும் ஒண்ணுதானடே?"

"ஹவ், ஆமா, ஒண்ணுதான். அது ஆண்டவருக்குத் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியாதே."

ஊரையே அதட்டிய மனிதர் அண்ணாச்சி. வாளியை ஓரமாக வைத்துவிட்டு, "சூடு பண்ணிச் சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

மேனேஜர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஜெபராஜின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் அதற்குப் பிறகு எங்கள் கோயிலுக்கு வரவில்லை. பட்டான்செருவிலேயே தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெபவீட்டுக்குப் போவதாகக் கேள்விப்பட்டோம்.

அடுத்த வருஷம் கோயில் வாட்ஸ்அப் குழுவில், பந்தி வேண்டாம், பஃபே வைக்கலாமே என்று யாரோ போட்டார்கள். கட்டைவிரல்கள் குவிந்தன. அண்ணாச்சி என்ன ஆட்டம் ஆடப்போகிறாரோ என்று கமிட்டிக் கூட்டத்துக்கு நாங்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே போய் நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்தோம். அவர், "சரிடே, அப்படியே செய்யுங்க" என்றார். இரண்டு தடவை கேட்டும் அதையேதான் சொன்னார்.

பஃபே நன்றாகத்தான் நடந்தது. சாஃப்ட்வேர் குடும்பங்கள் ஏசி ஹாலுக்குள், ரயில்வே குடும்பங்கள் வேப்பமரத்தடியில், வீட்டு வேலைக்கும் ஃபேக்டரி வேலைக்கும் போகிறவர்கள் தட்டை ஏந்திக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில். யாரும் யாரையும் அங்கே போ என்று சொல்லவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அண்ணாச்சி செய்தது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். வருஷம் முழுவதும் ஏறியிருக்கிற மேடு பள்ளத்தை ஒரு வேளைச் சோற்றால் நிரவிவிடலாம் என்று நம்பிவிட்டார். சரி, அவருடைய ஒரு வேளை போதாது என்று தெரிந்துகொண்ட நாங்கள் இன்னும் இரண்டு வேளை சேர்த்திருக்க வேண்டாமா? இருந்த ஒன்றையும் அல்லவா எடுத்துவிட்டோம்! தொழுவத்தில் பிறந்தவரைக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். அண்ணாச்சி தட்டோடு வளாகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். எங்கும் உட்காரவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார்.

போன மழைக்காலத்தில் அவர் காலமானார். தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு ஜெபராஜ் வந்திருந்தார். கல்லறைச் சுவர் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தவரிடம் போனேன்.

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுக்கு வருவாரு சார். வாசல்லயே நின்னு, 'எங்க உக்காரட்டும்டே?'ன்னு கேப்பாரு. நான் காட்டுற எடத்துலதான் உக்காருவாரு. வச்சதச் சாப்பிடுவாரு. ஒருநாளும் எதுவும் சொன்னதில்ல."

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. அடக்கம் முடிந்து தேநீர் வந்தது. மேனேஜரும் அவரைச் சேர்ந்தவர்களும் கார்களுக்குப் பக்கத்தில் ஒதுங்கினார்கள். ரயில்வேக்காரர்கள் மரத்தடிக்குப் போனார்கள். ஜெபராஜ் சுவரோரத்திலேயே இருந்தார். கையில் தேநீரோடு நடுவில் நின்ற எனக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. யாராவது வந்து "என்னடே நிக்க, அங்கன போய் உக்காரு" என்று ஒரு அதட்டல் போட மாட்டார்களா என்று இருந்தது. போடக்கூடிய ஒரே ஆளை அப்போதுதான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தோம்.